பழங்கட்டடங்களை பிலிமில் எடுக்கும்போது கெட்டுப்போகும் இடங்கள்

பிலிம் கேமராவோடு பயணம் கிளம்புகிறவர்கள் எந்த லென்ஸைக் கொண்டுபோவது என்றே அதிகம் யோசிக்கிறார்கள். ஆனால் கழுவி வந்த நெகட்டிவைப் பார்த்தால், படம் கெட்டது பெரும்பாலும் ஒளியை அளந்த விதத்தில்தான்.

கேமராவில் இருக்கும் பழைய லைட் மீட்டருக்கு எதிரே நிற்பது கோட்டையா, வானமா என்று தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தர சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குச் சொல்லும். ஃபிரேமில் பாதி வெளிறிய வானமாக இருந்தால் எக்ஸ்போஷரை, அதாவது பிலிமில் விழும் ஒளியின் அளவை, குறைக்கச் சொல்லும்; கோட்டை கருத்துப்போகும். சுண்ணாம்பு பூசிய வெள்ளைச் சுவரையும் சாம்பலாக்கத்தான் பார்க்கும். அங்கே ஒன்று, ஒன்றரை ஸ்டாப் நாமாகவே கூட்ட வேண்டும் (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரண்டு மடங்கு).

நெகட்டிவ் பிலிமில் நிழலுக்கு அளவெடுங்கள். கேமராவைக் கொஞ்சம் கீழே சாய்த்து, வானம் தெரியாமல் சுவரின் நிழல் பகுதியை மட்டும் அளந்து, அந்த அளவை மாற்றாமல் படத்தை அமையுங்கள். நிழலில் பதியாமல் போன செதுக்கல்களை ஸ்கேன் செய்யும்போது மீட்க முடியாது. வெளிச்சத்தைக் கூட்டினால் கிரெயின் என்ற பொடிப்புள்ளிகள்தான் மிஞ்சும். கூடுதல் வெளிச்சம் அவ்வளவு ஆபத்தில்லை. போர்ட்ரா 400 போன்ற கலர் நெகட்டிவ் இரண்டு ஸ்டாப் அதிகமானாலும் தாங்கும். நெகட்டிவாக இல்லாமல் நிஜ நிறத்திலேயே படம் தரும் ஸ்லைடு பிலிம் இதற்கு நேர் எதிர். வெல்வியா 50-இல் அரை ஸ்டாப் கூடினாலே மேகம் வெளுத்துவிடும். அதனால் வெளிச்சமான பகுதிக்குத்தான் அளக்க வேண்டும். உச்சி வெயிலில் மண்டபத்தின் உள்நிழலையும் வானத்தையும் ஒரே ஸ்லைடில் பிடிக்கப் பார்க்காதீர்கள், வெயில் சாயட்டும். மீட்டரின் பேட்டரி வழியில் தீர்ந்துபோனால், நல்ல வெயிலுக்கு லென்ஸின் துவாரத்தை எஃப்/16-இல் வைத்து, ஐஎஸ்ஓ (ஒளி உணரும் வேகம்) 400 பிலிம் என்றால் ஷட்டரை 1/500 நொடியில் வையுங்கள், போதும்.

உள்ளே போனால் வேறு சிக்கல். வெளிச்சம் குறைவு என்பதால் ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருக்க வேண்டும்; அது ஒரு நொடியைத் தாண்டினால் பெரும்பாலான பிலிம்களின் ஒளி உணரும் வேகம் குறையத் தொடங்கும். எச்பி5 பிளஸ் என்ற கருப்பு வெள்ளை பிலிமில் மீட்டர் 10 நொடி என்றால் ஏறத்தாழ 20 நொடி கொடுக்க வேண்டும். 30 நொடி என்றால் ஒன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. பல நினைவுச்சின்னங்களில் ட்ரைபாடுக்கு அனுமதி இல்லை என்பதால் கையிலேயே எடுத்துப் படத்தை அசைத்துவிடுகிறார்கள். தரையில் ஒரு மடித்த துணி வைத்து, அதன்மேல் கேமராவை வைத்து, செல்ஃப் டைமரில் எடுங்கள். மேற்கூரைக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

அப்புறம், சாயும் கோடுகள். உயரமான கட்டடத்துக்கு அருகில் நின்று கேமராவை அண்ணாந்து பிடித்தால் தூண்கள் உள்நோக்கிச் சாயும். பின்னால் தள்ளிப் போங்கள், அல்லது எதிரில் படிக்கட்டோ மேடோ இருந்தால் ஏறுங்கள். இரண்டுக்கும் வழியில்லையா? கேமராவை நெட்டுவாக்கில், நிமிர்த்தியே பிடித்து எடுத்துவிட்டு, கீழே வரும் வெறும் தரையைப் பிரிண்ட் போடும்போது வெட்டிவிடலாம். அண்ணாந்துதான் எடுக்க வேண்டுமென்றால் துணிந்து நன்றாக அண்ணாந்துவிடுங்கள். லேசான சாய்வு கவனக்குறைவாகத்தான் தெரியும்.

நிலக்காட்சியில் கருப்பு வெள்ளை எடுப்பவர்கள் நீல வானத்தை வெறும் வெள்ளையாக்கிவிடுகிறார்கள். மஞ்சள் ஃபில்டர் போட்டாலே மேகம் பிரிந்து தெரியும். ஆரஞ்சு இன்னும் அழுத்தும். கையில் பிடிக்கும் மீட்டரில் அளந்தால் மஞ்சளுக்கு ஒரு ஸ்டாப், ஆரஞ்சுக்கு இரண்டு ஸ்டாப் சேர்க்க மறக்காதீர்கள்.

விமான நிலையத்தில் பிலிமை லக்கேஜில் போட்டு அனுப்பாதீர்கள். அங்கே எக்ஸ்ரே கடுமையாக இருக்கும். கைப்பையிலும் இப்போது பல இடங்களில் சிடி ஸ்கேனர் வந்துவிட்டது, ஒரே முறை போனாலே பிலிம் மங்கலாம். ரோல்களை ஒளி ஊடுருவும் பையில் தனியாக எடுத்து, கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

புது ரோல் மாட்டியதும் லீவரைத் தள்ளும்போது இடப்பக்க ரீவைண்ட் குமிழ் கூடவே சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றவில்லை என்றால் முதலில் உள்ளே இருக்கும் தளர்வைச் சுற்றி இறுக்கிவிட்டு மறுபடி தள்ளுங்கள். அப்போதும் அசையவில்லை என்றால் பிலிம் பற்றவில்லை, திறந்து மறுபடி மாட்டுங்கள்.