விழுந்துடுவே என்று சொல்வதற்கு முன்

குழந்தை உட்கார ஆரம்பித்ததுமே யாராவது ஒருவர் வாக்கர் வாங்கி வந்துவிடுவார்கள். வட்டச் சட்டம், கீழே சக்கரங்கள், நடுவில் துணி இருக்கை. அதில் இறக்கிவிட்டால் அம்மாவுக்குக் கொஞ்ச நேரம் கை ஓயும், அது உண்மைதான். ஆனால் நடை அதில் வராது. எடையை இருக்கை தாங்கிக்கொள்ள, குழந்தை கால் விரல் நுனியால் தரையை உந்திக்கொண்டு போகிறது. உடம்பு சாயும்போது தானே நிமிர்த்திக்கொள்ளும் வேலை அதற்கு இல்லை. நடப்பதற்கு அடிப்படையே அந்த வேலைதான். போதாததற்கு, கண் மூடித் திறப்பதற்குள் படிக்கட்டுக்கோ அடுப்புப் பக்கமோ உருண்டு போய்விடும். கனடாவில் 2004-லேயே இதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள்.

நம் பழைய மர நடைவண்டியை இதோடு சேர்க்காதீர்கள். குறுக்குக் கட்டையைப் பிடித்துக்கொண்டு குழந்தை தன் காலில் நிற்கிறது, தானே எட்டு வைக்கிறது. எதையாவது பிடித்துத் தானாக எழுந்து நிற்கத் தொடங்கிய பிறகு கொடுங்கள். வழவழப்பான டைல்ஸ் தரையில் வண்டி முந்திக்கொண்டு ஓடும், பக்கத்தில் ஆள் வேண்டும்.

அடுத்தது, "பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாசத்துலயே நடந்துடுச்சு" என்ற பேச்சு. 8 மாதத்தில் நடக்கும் குழந்தையும் உண்டு, 17 மாதத்தில் நடக்கும் குழந்தையும் உண்டு. சிலது தவழாமலே எழுந்து நடந்துவிடும். 18 மாதம் ஆகியும் தனியாக நடக்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை கையைத் தூக்கிப் பிடித்து நடத்திப் பழக்குவதைவிட, தரையில் பாயை விரித்து விட்டுவிடுவது நல்லது. கைக்குழந்தை என்றால், விழித்திருக்கும்போது நாம் பக்கத்தில் இருந்து குப்புறப் படுக்க விடலாம். விட்டு விட்டு, ஒரு நாளைக்கு மொத்தம் 30 நிமிடமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கையை ஊன்றித் தலையைத் தூக்கும் அந்தக் கோலத்துக்குப் பிள்ளைத்தமிழில் செங்கீரை என்று ஒரு பருவமே வைத்திருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் மனம் வலிக்கும் தவறு, "ஏறாதே, விழுந்துடுவே." ஒன்றரை வயதுக் குழந்தை வாசற்படி இறங்குவதைக் கவனித்துப் பாருங்கள். திரும்பிக்கொள்ளும், வயிற்றைப் படியில் ஒட்டிக்கொள்ளும், ஒரு காலைக் கீழே விட்டுத் துழாவும். கால் தரையைத் தொடப்போகும் அந்த நொடியில்தான் நாம் அள்ளித் தூக்கிவிடுகிறோம். அது கண்டுபிடிக்க இருந்ததை நாம் பறித்துவிடுகிறோம். ஒரு படி கீழே நின்று, தொடாமல், கையை மட்டும் பக்கத்தில் வைத்திருங்கள். போதும்.

பந்தும் அப்படித்தான். மூன்று வயதுக் குழந்தை இரண்டு கையையும் விறைப்பாக நீட்டி, முகத்தைத் திருப்பி, கண்ணை மூடிக்கொள்ளும். மூக்கில் பட்டுவிடும் என்ற பயம். ரப்பர் பந்தை வைத்துவிட்டு, பழைய வேட்டியைச் சுருட்டிக் கட்டிய துணிப்பந்தையோ பலூனையோ மெதுவாகப் போடுங்கள். கொஞ்ச நாளில் கண் திறந்துகொள்ளும்.

அப்புறம், சேட்டை செய்தால் "மைதானத்தை நாலு சுத்து ஓடு" என்று தண்டனை தராதீர்கள். ஓட்டமே தண்டனை என்று மனதில் பதிந்துவிட்டால் பிறகு எப்படி ஆசையாக ஓடும்? "பொம்பளப் பிள்ளை குதிக்கக் கூடாது" என்பதையும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

ஒன்றிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு 3 மணி நேரமாவது உடம்பு அசைய வேண்டும். அதற்காக நாலு வயதிலேயே பயிற்சி வகுப்பு தேடி அலைய வேண்டியதில்லை. கடைக்கு நடத்திக் கூட்டிப்போவதும், செடிக்குத் தண்ணீர் சுமப்பதும் இந்தக் கணக்கில்தான் வரும்.

விளையாட்டில் சின்னப் பிள்ளைகளை முதல் சுற்றிலேயே அவுட் ஆக்கி ஓரமாக உட்கார வைப்பதும் தவறுதான். யாருக்கு அதிகப் பழக்கம் தேவையோ அந்தக் குழந்தைதான் சும்மா உட்கார்ந்திருக்கும். இதற்கு நம் தெருவிலேயே வழி இருந்தது: ஒப்புக்குச் சப்பாணி, அதாவது ஆட்டத்தில் பெயருக்குச் சேர்த்துக்கொள்ளும் சின்னப் பிள்ளை. பாண்டிக் கட்டத்தில் அது கோட்டை மிதிக்கலாம், இரண்டு காலையும் ஊன்றலாம், அவுட்டே கிடையாது. அக்காக்கள் நொண்டி அடிப்பதைப் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் அதுவும் ஒற்றைக் காலைத் தூக்கும்.