சாப்பிட்டதும் தடிப்பா? எது காரணம் என்று பிடிப்பது எப்படி

சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் கழுத்து, வயிறு, தொடை என்று திட்டுத்திட்டாகத் தடித்து, அரிப்பு உயிரை வாங்கும். ஊரில் காணாக்கடி என்பார்கள். டாக்டர் சீட்டில் அர்ட்டிகேரியா என்று இருக்கும். எனக்கு இது வந்துபோய்க்கொண்டிருந்த காலத்தில் வீட்டில் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை இறாலைத்தான் கை காட்டினார்கள். கடைசியில் மாட்டியது எள். அதைப் பிடித்த வழியைத்தான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. டாக்டரிடம் போகும்போது கையில் என்ன கொண்டுபோவது என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில், எப்போது ஓட வேண்டும்

தடிப்போடு மூச்சுத்திணறல், இழுப்பு, குரல் கம்முதல், நாக்கு வீங்குதல், அடுத்தடுத்து வாந்தி, கண் இருட்டிக்கொண்டு வருதல் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அது தோலோடு நிற்கிற விஷயம் இல்லை. உடனே 108. ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்தி வையுங்கள். மூச்சு வாங்கினால் சாய்ந்து உட்காரலாம், ஆனால் எழுந்து நடக்க விடாதீர்கள். அந்த நேரத்தில் காப்பாற்றுவது தொடையின் வெளிப்பக்கம் போடும் அட்ரினலின் ஊசி. அவில் மாத்திரை அரிப்பை அடக்கும். அடைக்கிற தொண்டைக்கும் இறங்குகிற ரத்த அழுத்தத்துக்கும் அது போதாது. ஊசி போட்டுத் தேறிய பிறகும் சில மணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்வார்கள். இரண்டாவது சுற்று வரக்கூடும் என்பதால்தான், அவசரப்பட்டுக் கிளம்பாதீர்கள்.

படி 1: காணாக்கடிதானா?

ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போடுங்கள். காணாக்கடி இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரே தடிப்பு பொதுவாக 24 மணி நேரத்துக்குள் தடயம் இல்லாமல் அமுங்கிவிடும். மறுநாளும் அதே வட்டத்துக்குள் இருந்தால், வலித்தால், கன்றிப்போன நிறம் விட்டுப்போனால் அது வேறு நோயாக இருக்கலாம். தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

இணையத்தில் பார்க்கும் படங்களில் எல்லாம் பளிச்சென்று சிவந்திருக்கும். நம் மாநிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. விரலால் தடவினால் மேடு தட்டுப்படும். போட்டோ எடுக்கும்போது பிளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். டாக்டரைப் பார்க்கும் நேரத்துக்குத் தடிப்பு கட்டாயம் மறைந்துவிடும், அதனால் போட்டோ முக்கியம்.

கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தியும் பாருங்கள். காணாக்கடி வெளிறும். அழுத்தியும் மறையாத புள்ளிகள், கூடவே காய்ச்சல் என்றால் ஒவ்வாமை ஆராய்ச்சியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

படி 2: நேரக் குறிப்பு

எல்லோரும் சறுக்குவது இங்கேதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். சாப்பிட்ட நேரம், சாப்பிட்டது, தடித்த நேரம், கூடவே நடந்தது என்று நான்கு கட்டம். ஒரு நோட்டு போதும். போனில் உணவு டைரி செயலிகள் உண்டு, ஆனால் அவற்றில் பர்கர் இருக்கும், அவியல் இருக்காது.

உணவு ஒவ்வாமையால் வரும் காணாக்கடி பெரும்பாலும் சில நிமிடத்தில் ஆரம்பிக்கும், மிஞ்சிப்போனால் இரண்டு மணி நேரம். எனக்குத் தடித்ததோ திங்கட்கிழமை காலை டிபனுக்குப் பிறகு. முந்தின மதியம் சாப்பிட்ட இறால் அவ்வளவு நேரம் காத்திருக்காது.

அப்புறம், ‘இட்லி’ என்று மட்டும் எழுதினால் பிரயோஜனம் இல்லை. தொட்டுக்கொண்டது என்ன, அதில் என்னென்ன என்று பிரித்து எழுத வேண்டும். பொடி என்றால் உளுந்து, கடலைப்பருப்பு, மிளகாய், பெருங்காயம், எள், குழைக்க நல்லெண்ணெய். பெருங்காயம்கூட ஒரே பொருள் இல்லை. கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். எனக்குத் துப்பு கிடைத்ததும் இப்படித்தான். அம்மா வறுத்து இடிக்கும் பொடியில் கறுப்பு எள் தாராளம், மேலே நல்லெண்ணெய். அக்கா வீட்டுப் பொடியில் எள் கிடையாது, நெய் விட்டுத்தான் குழைப்பாள். அங்கே எத்தனை இட்லி உள்ளே போனாலும் ஒன்றும் வரவில்லை.

நான்காவது கட்டத்தை விட்டுவிடாதீர்கள். ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரை, மது, சாப்பிட்டவுடன் ஓட்டம் அல்லது ஜிம், காய்ச்சல் எல்லாம் அதில் வரும். சிலருக்கு உணவு தனியாக ஒன்றும் செய்யாது, இதில் ஏதாவது சேர்ந்தால்தான் கிளம்பும்.

மீன் பற்றி ஒரு வார்த்தை. சூரை, அயிலை போன்றவற்றை ஐஸில் வைக்காமல் விட்டால் கிருமிகள் ஹிஸ்டமின் என்கிற, அரிப்பைக் கிளப்பும் ரசாயனத்தை உண்டாக்கிவிடும்; குழம்பில் எவ்வளவு கொதித்தாலும் அது போகாது. சாப்பிட்டதும் முகம் சிவந்து தடிக்கும், பார்க்க அப்படியே ஒவ்வாமைதான். ஒரே சட்டியில் சாப்பிட்ட இன்னொருவருக்கும் வந்திருந்தால் சந்தேகம் மீன் கெட்டுப்போனதன் மேல் விழட்டும். வாழ்நாள் முழுக்க மீனை ஒதுக்கத் தேவை இருக்காது.

படி 3: அரிப்பை அடக்குவது

ஈரத்துணி ஒத்தடம், கேலமைன் லோஷன், தளர்வான பருத்தி உடை. சுடுதண்ணீர்க் குளியல் அரிப்பைக் கிளப்பிவிடும். மாத்திரையில் லோரடடின், ஃபெக்ஸோஃபெனடின் ரகங்களில் தூக்கம் குறைவு. செட்டிரிசின் சிலரை அசத்திவிடும். அவில் போட்டுவிட்டு வண்டி ஓட்டவே கூடாது. குழந்தைக்கு அளவு எடையைப் பொறுத்தது, டாக்டரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் ‘அரிப்புக்கு’ என்று நீட்டும் ட்யூப்களில் பலவும் ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்தவை. காணாக்கடிக்கு உதவாது, தொடர்ந்து போட்டால் தோல் மெலியும். நான் அவற்றைத் தொடுவதில்லை.

படி 4: பரிசோதனை

ஒவ்வாமை டாக்டர் நோட்டைப் பார்த்துவிட்டுச் சந்தேகப்பட்டதை மட்டும் தோலில் குத்திப் பார்ப்பார். அதற்குச் சுமார் ஒரு வாரம் முன்பே ஒவ்வாமை மாத்திரைகளை நிறுத்தச் சொல்வார்கள், இல்லாவிட்டால் முடிவு பொய் சொல்லும். நூறு உணவுக்கு ஒரே ரத்தப் பரிசோதனை என்று விற்கும் ஐஜிஜி (ரத்தத்தில் உள்ள ஒருவகை எதிர்ப்புப் புரதம்) பட்டியலுக்குப் பணம் கொட்டாதீர்கள். ஒரு உணவைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் ஐஜிஜி காட்டும். ஒவ்வாமையில் பார்ப்பது ஐஜிஇ என்கிற வேறு வகை எதிர்ப்புப் புரதத்தை. அதுவும் பாசிட்டிவ் வந்தால் மட்டும் போதாது, நோட்டில் இருக்கிற கதையோடு ஒத்துப்போக வேண்டும். ‘கொஞ்சமாகச் சாப்பிட்டுத்தான் பார்ப்போமே’ என்கிற சோதனை ஆஸ்பத்திரியில் நடக்க வேண்டியது, சமையலறையில் இல்லை.

படி 5: ஒதுக்குவது

நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2020 விதிப்படி பால், முட்டை, மீன், இறால் வகை, நிலக்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், சோயா, குளூட்டன் உள்ள தானியம் எல்லாம் பாக்கெட்டில் ஒவ்வாமைப் பொருளாகத் தனியே குறிப்பிடப்பட வேண்டும். எள் அந்தப் பட்டியலில் இல்லை. அமெரிக்காவில் 2023 முதல் கட்டாயம். நம்மூர் பாக்கெட்டில் சேர்மானப் பட்டியலை முழுக்கப் படிப்பதைத் தவிர வழியில்லை. செக்கு எண்ணெயில் புரதம் தங்கியிருக்கும், எள்ளோ கடலையோ ஆகாதவர்கள் அதையும் கவனியுங்கள். ஹோட்டலில் ‘குருமாவில் முந்திரி அரைத்திருக்கிறதா’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ‘அலர்ஜிங்க’ என்றால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்ட இரண்டு கேள்விகள். ‘தினமும் வருகிறது, மாதக்கணக்காகிறது, எந்த உணவை நிறுத்த?’ ஆறு வாரத்துக்கு மேல் நீடிக்கும் காணாக்கடிக்கு உணவு காரணமாக இருப்பது அரிது. பத்தியம் இருந்து இளைக்காமல் டாக்டரைப் பாருங்கள். ‘குழந்தைக்குச் சளி காய்ச்சலோடு தடிக்கிறது, முட்டையை நிறுத்தலாமா?’ குழந்தைகளுக்குத் திடீரென வரும் காணாக்கடிக்குப் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். முட்டை சாப்பிட்ட நேரமும் தடித்த நேரமும் ஒத்துப்போகிறதா என்று முதலில் எழுதிப் பாருங்கள், டாக்டரைக் கேட்டுவிட்டு அப்புறம் நிறுத்தலாம்.