நீண்ட காலத்துக்கு இ.டி.எஃப். வாங்குகிறீர்களா? கடந்த ஆண்டு லாபத்தை மட்டும் பார்க்காதீர்கள்

இ.டி.எஃப். என்பது நிஃப்டி போன்ற ஒரு குறியீட்டைப் பின்தொடரும், பங்கைப் போலவே சந்தையில் வாங்கி விற்கக்கூடிய ஃபண்டு. ஒரே குறியீட்டைப் பின்தொடரும் இரண்டு இ.டி.எஃப்.கள் இருந்தால், முதலில் செலவு விகிதத்தை, அதாவது ஃபண்டு ஆண்டுதோறும் பிடித்துக்கொள்ளும் கட்டணத்தைப் பாருங்கள். ஆண்டுக்கு 7% வளரும் முதலீட்டில் 0.1% செலவு போனால் 30 ஆண்டுகளில் பணம் சுமார் 7.4 மடங்காகும். 1% போனால் 5.7 மடங்குதான். செய்த வேலை ஒன்றே, போன பணம் மட்டும் வேறு.

ஆனால் செலவு குறைவு என்பதற்காகவே வாங்கிவிடவும் கூடாது. குறியீடு தந்த வருமானத்துக்கும் ஃபண்டு தந்த வருமானத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று சில ஆண்டுகளுக்குச் சேர்த்துப் பாருங்கள். உண்மையான செலவு அங்கேதான் தெரியும். டிவிடெண்டையும் சேர்த்துக் கணக்கிட்ட குறியீட்டோடு ஒப்பிட வேண்டும், இல்லையென்றால் ஃபண்டு நல்ல பிள்ளையாகவே தெரியும்.

அப்புறம் வர்த்தக அளவு. தினமும் கொஞ்சமே கைமாறும் இ.டி.எஃப்.பில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி பெரிதாக இருக்கும்; சில நேரம் நிகர சொத்து மதிப்பைவிட (ஒரு யூனிட்டுக்குப் பின்னால் உள்ள பங்குகளின் மதிப்பைவிட) அதிக விலை கொடுத்து வாங்க நேரும். இந்த விலைக்கு மேல் வாங்க வேண்டாம் என்று சொல்லும் லிமிட் ஆர்டர் போடுங்கள். சந்தை திறந்த முதல் சில நிமிடங்களைத் தவிர்ப்பது நல்லது.

குறியீட்டின் தினசரி ஏற்ற இறக்கத்தை இரு மடங்காகத் தரும் இ.டி.எஃப். வகை பக்கமே போக வேண்டாம் என்பேன். குறியீடு ஒருநாள் 10% விழுந்து மறுநாள் 11.1% ஏறினால் பழைய இடத்துக்கு வந்துவிடும். இதுவோ 100-லிருந்து 80 ஆகி, 97.8-இல் நின்றுவிடும்.

பெயர் வேறு வேறாக நாலைந்து வாங்கும்போது உள்ளே இருக்கும் பங்குகளையும் பாருங்கள். பெரும்பாலும் அதே பெரிய நிறுவனங்கள்தான் இருக்கும்.