போருக்குப் பிந்தைய அமெரிக்கா: எழுதும்போது நாம் சறுக்கும் இடங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரையை மெய்ப்புப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அதில் ஒரு வரி: "மாநிலத் துறைக்குள் 205 கம்யூனிஸ்டுகள் இருப்பதாக மெக்கார்த்தி முழங்கினார்." எந்த மாநிலம் என்று முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது. அமெரிக்காவில் 'ஸ்டேட் டிபார்ட்மென்ட்' என்றால் வெளியுறவுத் துறை. அதன் 'செக்ரட்டரி' நம்மூர் ஐ.ஏ.எஸ். செயலாளர் போன்றவர் இல்லை, அமைச்சர். 'காங்கிரஸ்' என்பது அவர்களுடைய நாடாளுமன்றம்; செனட், பிரதிநிதிகள் சபை என்று அதற்கு இரண்டு அவைகள். இந்த மூன்று சொற்களைச் சரியாகப் பிடித்தாலே பாதிக் குழப்பம் போய்விடும்.

மீதிப் பாதி, கதையை எங்கே தொடங்குகிறோம் என்பதில் இருக்கிறது. 1945க்குப் பிந்தைய கால் நூற்றாண்டு அமெரிக்காவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு முகத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். மெக்கார்த்தி, ரோசா பார்க்ஸ், மார்ட்டின் லூதர் கிங், கென்னடி. அந்த முகத்துக்குப் பின்னால் இருந்த சங்கமும் சட்டப் பிரிவும் கடன் படிவமும் எழுத்தில் வருவதே இல்லை.

மெக்கார்த்தியையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டையைத் தொடங்கி வைத்தவர் அவர்தான் என்று எழுதுகிறார்கள். விஸ்கான்சின் மாநிலத்தின் குடியரசுக் கட்சி செனட்டரான அவர் வீலிங் நகரில் அந்தப் பேச்சைப் பேசியது 1950 பிப்ரவரியில். (அந்த 205 சில நாட்களிலேயே 57 ஆகிவிட்டது வேறு கதை.) ஆனால் அரசு ஊழியர்களின் விசுவாசத்தைச் சோதிக்கும் ஆணையை ஜனாதிபதி ட்ரூமன் பிறப்பித்தது 1947 மார்ச்சில். ட்ரூமன் ஜனநாயகக் கட்சிக்காரர். ஹாலிவுட் எழுத்தாளர்களையும் இயக்குநர்களையும் கூண்டில் ஏற்றி விசாரித்ததும் அதே ஆண்டுதான். விசாரித்தது பிரதிநிதிகள் சபையின் குழு. மெக்கார்த்தி இருந்ததோ செனட்டில். "ஹாலிவுட்டை மெக்கார்த்தி வேட்டையாடினார்" என்று எழுதினால் ஆளும் தப்பு, சபையும் தப்பு. 1954 டிசம்பரில் செனட் 67க்கு 22 என்ற வாக்கில் அவரைக் கண்டித்தது, அவர் அரசியல் அத்தோடு முடிந்தது. அந்தச் சபைக் குழுவோ பெயர் மாறி 1975 வரை உயிரோடு இருந்தது. 1953இல் அடுத்த ஜனாதிபதி ஐசன்ஹோவர் போட்ட ஆணையைக் காட்டித் தன்பாலின ஈர்ப்புள்ள ஊழியர்களை வேலையைவிட்டு அனுப்புவதும் நிற்கவில்லை.

அடுத்தது ரோசா பார்க்ஸ். இங்கேதான் தவறுகள் கொத்தாக வருகின்றன. 'வேலை முடிந்து களைத்துப்போன ஒரு தையல்காரப் பெண், வெள்ளையர் இருக்கையில் உட்கார்ந்தார், எழ மறுத்தார், நாடே கொதித்தது.' பள்ளி மேடைகளில் பேசக் கேட்டிருப்பீர்கள். தையல் வேலை பார்த்தது உண்மை. அதோடு, கறுப்பின உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யின் கிளைக்கு, அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரில், பல ஆண்டு செயலாளராகவும் இருந்தவர். 1955 கோடையில்தான் டென்னசி மாநிலத்தில் இருந்த ஹைலேண்டர் பள்ளியில் போராட்டப் பயிற்சி எடுத்துவிட்டு வந்திருந்தார்.

இருக்கை விவகாரமும் அப்படித்தான். மாண்ட்கோமரி பேருந்தில் முன்னால் பத்து இருக்கைகள் வெள்ளையருக்கு. பார்க்ஸ் உட்கார்ந்தது அதற்குப் பின்னால், கறுப்பினத்தவர் உட்காரலாம் என்று விட்டிருந்த வரிசையில். முன்பகுதி நிரம்பி ஒரே ஒரு வெள்ளையர் நின்றார். அவர் உட்கார வேண்டுமானால் அந்த வரிசையில் இருந்த நான்கு கறுப்பினத்தவரும் எழுந்தாக வேண்டும், ஏனென்றால் இரண்டு நிறத்தவரும் ஒரே வரிசையில் இருக்கக் கூடாது. மூன்று பேர் எழுந்தார்கள். பார்க்ஸ் எழவில்லை, கைதானார். 'வெள்ளையர் இருக்கையில் உட்கார்ந்தார்' என்று எழுதும்போது அந்த விதியின் அசிங்கம் மொத்தமும் மறைந்துவிடுகிறது.

தேதி 1955 டிசம்பர் 1. அதற்கு ஒன்பது மாதம் முன்பே கிளாடெட் கால்வின் என்ற 15 வயது மாணவி அதே ஊரில் அதே மாதிரி எழ மறுத்துக் கைதாகியிருந்தார். ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை தன் பெண்கள் சங்கத்தின் சார்பில், பேருந்துப் புறக்கணிப்பு நடக்கக்கூடும் என்று 1954 மே மாதத்திலேயே மேயருக்குக் கடிதம் எழுதியிருந்தார். பார்க்ஸ் கைதான இரவு ராபின்சன் தன் கல்லூரிக்குப் போய், திங்கட்கிழமை பேருந்தில் ஏறாதீர்கள் என்று விடிய விடிய சைக்ளோஸ்டைல் இயந்திரத்தைச் சுற்றிப் பல்லாயிரம் துண்டறிக்கைகள் அடித்தார். கூட ஒரு சக ஆசிரியர், இரண்டு மாணவர்கள். கல்லூரி அரசுக் கல்லூரி, தாளும் அதனுடையதுதான். விஷயம் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். திங்கட்கிழமை பேருந்துகள் காலியாக ஓடின. 26 வயது கிங் போராட்டத்துக்குத் தலைவராகத் தேர்வானது அதற்குப் பிறகு, அன்று பிற்பகலில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போராட்டக்காரர்கள் முதலில் கேட்டது நிறப் பிரிவினையை ஒழிக்கச் சொல்லி அல்ல. ஓட்டுநர் மரியாதையாகப் பேச வேண்டும், கறுப்பினத்தவர் பகுதிகளுக்குப் போகும் வண்டிகளில் கறுப்பின ஓட்டுநர்களை வைக்க வேண்டும், பின்னாலிருந்து அவர்களும் முன்னாலிருந்து வெள்ளையரும் வந்த வரிசைப்படி உட்கார விட வேண்டும். இவ்வளவுதான். நகராட்சி இதைக்கூடத் தர மறுத்தது. பிறகுதான் அந்தப் பிரிவினையையே எதிர்த்து வழக்கு. அதில் கால்வின் ஒரு வாதி. பார்க்ஸ் வாதி அல்ல. 381 நாள் நடந்த புறக்கணிப்பு முடிந்தது உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில் சொன்ன தீர்ப்பால்.

கிங் பற்றி நம் பக்கத்தில் மட்டும் உலவும் ஒரு தவறு உண்டு: காந்தியைச் சந்தித்தார் என்பது. காந்தி சுடப்பட்டபோது கிங்கிற்கு 19 வயது. அவர் இந்தியா வந்தது 1959இல். அமெரிக்கா முழுக்கக் கொண்டாடிய தலைவர் என்பதும் பிற்காலத்துப் பூச்சு. 1966இல் கேலப் கருத்துக் கணிப்பில் 63 விழுக்காட்டினர் அவரைப் பிடிக்காது என்ற பக்கம் நின்றார்கள். அவர் பேசிய 1963 பேரணியின் முழுப் பெயர் 'வேலைக்கும் விடுதலைக்குமான வாஷிங்டன் பேரணி'. நாம் எழுதும்போது அந்த 'வேலை' எப்படியோ உதிர்ந்துவிடுகிறது.

கட்சிகளுக்கு வருவோம். இன்று தெற்கு மாநிலங்கள் பெரும்பாலும் குடியரசுக் கட்சிப் பக்கம். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அன்றைய வாக்கெடுப்பைப் பார்த்தால் தலை சுற்றும். நிறப் பாகுபாட்டைத் தடைசெய்த 1964 குடிமை உரிமைகள் சட்டம் செனட்டில் 73க்கு 27 என்று நிறைவேறியது. எதிர்த்த 27 பேரில் 21 பேர் ஜனநாயகக் கட்சி, 6 பேர் குடியரசுக் கட்சி. கட்சியை மறந்துவிட்டு வரைபடத்தை எடுங்கள். எதிர்த்த ஜனநாயகக் கட்சிக்காரர்களில் ஏறக்குறைய எல்லோரும் தெற்கு மாநிலத்தவர். அந்த ஆறு பேரில் ஒருவர் பாரி கோல்ட்வாட்டர். அவர்தான் அவ்வாண்டு குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர். படுதோல்வி. சொந்த மாநிலமான அரிசோனாவைத் தவிர அவர் வென்றவை ஐந்தே மாநிலங்கள், ஐந்தும் ஆழ்தெற்கில். இதை வைத்து 'ஒரே இரவில் கட்சிகள் இடம் மாறின' என்று எழுதுவதும் தப்புதான். அதற்குப் பிறகும் ஒரு தலைமுறைக் காலம் தெற்கிலிருந்து ஜனநாயகக் கட்சியினர் காங்கிரசுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

ஐம்பதுகளின் செழிப்பு பற்றி: வெள்ளை வேலி, புதுக் கார், புன்னகைக்கும் இல்லத்தரசி என்ற விளம்பரப் படத்தை வரலாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1950இலேயே பெண்களில் மூவரில் ஒருவர் சம்பள வேலையில் இருந்தார், அந்த விகிதம் ஏறிக்கொண்டே போனது. 1959இல் வறுமைக்கோட்டுக்குக் கீழே 22.4 விழுக்காடு. அன்று 91 விழுக்காடு வருமான வரி வாங்கினார்கள் என்பார்கள்; அது எல்லோருக்கும் அல்ல. தம்பதி சேர்ந்து கணக்குக் காட்டினால் 4,00,000 டாலருக்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும். லாங் ஐலண்டின் உருளைக்கிழங்கு வயல்களில் 1947 முதல் எழுந்த லெவிட்டவுன் என்ற புறநகர்க் குடியிருப்பில், கறுப்பினத்தவர் குடியிருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். அந்த மாதிரி வீடுகளுக்குக் கடன் உத்தரவாதம் கொடுத்தது மத்திய அரசு.

அறுபதுகளைப் பற்றி ஒரே வரி போதும்: நீள முடியும் கிட்டாரும்தான் அந்தத் தலைமுறை என்று நினைப்பவர்கள், 1972இல் குடியரசுக் கட்சியின் நிக்சன் 50இல் 49 மாநிலங்களை வென்றதைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

நம்மவர்கள் அடிக்கடி தொடும் 1965 குடியேற்றச் சட்டத்திலும் கவனம் தேவை. இந்தியருக்குக் கதவு அன்றுதான் முதலில் திறந்தது என்பது சரியில்லை. 1946இல் வந்த சட்டம் இந்தியர் குடியுரிமை பெற வழிவிட்டது. சிகாகோவில் இருந்த வானியற்பியலாளர் சந்திரசேகர் 1953இல் அமெரிக்கக் குடிமகன் ஆனது அப்படித்தான். ஆனால் இந்தியாவுக்கு ஒதுக்கிய இடம் ஆண்டுக்கு 100. அந்த நாட்டுவாரி ஒதுக்கீட்டை எடுத்தது 1965 சட்டம். அது முழுதாக நடைமுறைக்கு வந்தது 1968இல். ஆசியாவிலிருந்து ஆட்களை வரவழைக்கத் திட்டமிட்டு அதைக் கொண்டுவந்ததாக எழுதாதீர்கள். சுதந்திர தேவி சிலை அருகே கையெழுத்திட்டபோது ஜனாதிபதி ஜான்சனே, இது ஒன்றும் புரட்சிகரமான சட்டம் இல்லை என்றுதான் சொன்னார்.