ஆட்டு ரோமத்திலிருந்து லனோலின் எடுப்பதும் பயன்படுத்துவதும்

கத்தரித்த செம்மறி ரோமத்தைத் தொட்டால் கையில் ஒட்டும் பிசுக்கில் இரண்டு சரக்கு உண்டு. ஒன்று வியர்வை உப்பு. பச்சைத் தண்ணீரிலேயே கரைந்துவிடும். மற்றது லனோலின் என்ற கம்பளி மெழுகு, தண்ணீரில் கரையாது, 40 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் உருகும். இந்த வேறுபாட்டை வைத்துத்தான் பிரித்தெடுக்கிறோம்.

மேச்சேரி, மெட்ராஸ் ரெட் ஆடுகளின் உடலில் இருப்பது கம்பளி அல்ல, வெறும் முடி. அதில் முயல்வது வீண். மெரினோ ரோமம்தான் முதல் தரம். நீலகிரி ஆட்டின் மென்ரோமமும் ஆகும். வேகவைத்த ரோமம் திரண்டு கெட்டிப்பட்டுவிடும் என்பதால், நூற்க உதவாத குட்டை ரோமமாகப் பார்த்து எடுங்கள்.

அரை கிலோ ரோமத்தில் சாணி, முள், சருகைப் பொறுக்கிவிட்டு, பச்சைத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவையுங்கள். காலையில் அந்தப் பழுப்புத் தண்ணீரை இறுத்துவிடுங்கள். பொட்டாசியம் உள்ள தண்ணீர்தான், மரத்தடியில் ஊற்றலாம். பிறகு, இனிமேல் சமையலுக்கு எடுக்காத பெரிய பாத்திரத்தில் 10 லிட்டர் தண்ணீர், 3 மேசைக்கரண்டி கல் உப்பு, ரோமம் போட்டு 3 மணி நேரம் மெல்லக் கொதிக்கவிடுங்கள். சோப்பு கூடவே கூடாது. சோப்பு லனோலினைத் துளித்துளியாகச் சிதறடித்துத் தண்ணீரோடு கலந்துவிடும். ஆலைகளில் அதைப் பிரிக்க மையவிலக்கு இயந்திரம் வைத்திருக்கிறார்கள், நம்மிடம் இல்லை.

சூடு இறங்கும் முன்பே ரோமத்தைப் பிழிந்து வெளியே எடுங்கள். ஆறவிட்டால் உருகிய மெழுகு மறுபடி ரோமத்திலேயே படிந்துவிடும். பலர் கோட்டைவிடும் இடம் இது. தண்ணீரைத் துணியில் வடிகட்டி, கால் பங்காக வற்றவைத்து, இரவு முழுக்க அசையாமல் வையுங்கள். மேலே படியும் மஞ்சள் ஏட்டை வழித்தெடுங்கள். சில கரண்டிதான் தேறும்.

அதைப் புது வெந்நீரில் உருக்கி, ஆறவைத்து, மறுபடி வழித்தெடுங்கள். தண்ணீர் தெளிவாக நிற்கும்வரை இப்படியே. லனோலின் தன் எடையைப் போல இருமடங்கு தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். வெளுத்துப் போயிருந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது என்று பொருள். கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து, குமிழி அடங்கித் தேன் நிறம் வரும்வரை சூடாக்குங்கள்.

இந்த வீட்டுச் சரக்கு இரும்புக் கருவிக்கும் செருப்பு போன்ற தோல் பொருளுக்கும் மட்டுமே, உடம்பில் தடவ அல்ல. உண்ணிக்கு அடித்த மருந்து ரோமத்திலிருந்து இதற்குள் வந்திருக்கலாம். உளி, ரம்பம், அரிவாளுக்கு ஒரு பங்கு லனோலினை 4 பங்கு மினரல் டர்பன்டைனில் கரைத்து (அருகில் நெருப்பு வேண்டாம்) துணியால் தேய்த்தால், டர்பன்டைன் பறந்துபோய் மெல்லிய படலம் நிற்கும், துரு அண்டாது. தோல் செருப்புக்கு அப்படியே தடவலாம். நிறம் சற்றுக் கருக்கும், ஸ்வேட் (suede) எனும் மென்மயிர்ப் பரப்புள்ள தோலில் மட்டும் வேண்டாம்.

குழந்தையின் கம்பளி நாப்கின் உறைக்கோ, குதிகால் வெடிப்புக்கோ மருந்துக்கடையில் விற்கும் சுத்திகரித்த லனோலின் வாங்குங்கள். உறைக்கு ஒரு தேக்கரண்டி லனோலின், ஒரு கப் கொதிநீர், சில துளி பேபி ஷாம்பு போட்டுப் பாலாகும்வரை குலுக்குங்கள். மஞ்சள் துளி மிதந்தால் ஷாம்பு போதவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் அதைக் கலந்து உறையை ஓர் இரவு ஊறவைத்து, முறுக்காமல் அழுத்திப் பிழிந்து, நிழலில் பரப்பிக் காயவிடுங்கள். உடம்பில் தடவுவதானால் முதலில் முழங்கையின் உட்புறம் சிறிது தடவி ஓரிரு நாள் பாருங்கள். சிலருக்கு இது ஒவ்வாது.