முதல் பத்தியிலேயே வாசகரை இழக்கிறோம்

காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் என் பெரியப்பாவிடம், தத்துப்பூச்சி பற்றி இணையத்துக்காக எழுதிய கட்டுரையைக் காட்டினேன். தை மாதம், மரமெல்லாம் பூவெடுத்திருந்த நேரம். "முக்கனிகளுள் முதன்மையானது மா" என்று ஆரம்பித்து, கிருஷ்ணகிரி மாம்பழத்தின் பெருமையெல்லாம் சொல்லிவிட்டு, ஐந்தாவது பத்தியில்தான் பூச்சிக்கு வந்திருந்தேன். இரண்டு தடவை திரையைத் தள்ளிப் பார்த்தார். "மாவைப் பத்தி எனக்கே சொல்றியாப்பா? பூ கொட்டுது, அதுக்கு என்ன பண்றதுன்னு சொல்லு" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பள்ளிக்கூடத்தில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று எழுதிப் பழகிய கை நமக்கு. "இன்றைய அவசர உலகில்" என்றோ ஒரு திருக்குறளோடோ தொடங்கினால்தான் கட்டுரைக்கு மரியாதை என்று தோன்றிவிடுகிறது. ஆனால் ஆசிரியர் முழுதும் படித்தே ஆகவேண்டும். போனில் படிப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தோப்பில் எதைப் பார்த்துவிட்டு அவர் தேட வந்தாரோ, அதிலிருந்து தொடங்க வேண்டும். பெரியப்பாவுக்கு நான் எழுதியிருக்க வேண்டிய தொடக்கம் இது: "மாம்பூ காய்ந்து உதிர்கிறதா? இலை பிசுபிசுத்து, மேலே கரும்படலம் படர்கிறதா? பூங்கொத்தில் தத்துப்பூச்சி சாறு உறிஞ்சுகிறது."

அடுத்த தவறு தமிழில் எழுதுகிறவர்களுக்கே உரியது. நம் மொழியில் வினைமுற்று கடைசியில் வரும். பேச்சில் அது தொந்தரவே இல்லை. எழுத்தில் முதல் வாக்கியத்தை நீட்டினால்தான் சிக்கல். இதைப் பாருங்கள்: "கர்நாடகத்தில் காவிரி நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் பெய்துவரும் கனமழை காரணமாக கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளிலிருந்து திறந்துவிடப்பட்ட உபரி நீர் பிலிகுண்டுலுவைக் கடந்து வருவதால், ஒகேனக்கல்லில் அருவியில் குளிக்கவும் பரிசல் இயக்கவும் தடை விதிக்கப்பட்டுள்ளது." இலக்கணப்படி ஒரு பிழையும் இல்லை. ஆனால் சேலத்திலிருந்து பிள்ளைகளோடு கிளம்பக் காத்திருப்பவருக்கு வேண்டிய 'தடை' வரியின் வால் பகுதியில் கிடக்கிறது. வாட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்பினால் தலைப்புக்குக் கீழே ஓரிரு வரிதான் தெரியும். அதில் மழையும் அணையும் மட்டுமே இருக்கும். "ஒகேனக்கல்லில் இன்று பரிசல் ஓடாது. அருவியில் குளிக்கவும் தடை" என்று முதலில் சொல்லிவிடுங்கள். அப்புறம் கபினியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். முதல் வாக்கியத்தில் 'காரணமாக', 'வருவதால்' இரண்டும் வந்துவிட்டால் நான் அங்கேயே நிறுத்தி உடைத்துவிடுகிறேன்.

"அந்த ஒரு பொருள் என்ன தெரியுமா?" என்று ஒளித்துவைக்கும் தொடக்கம் ஒருமுறை ஆளை உள்ளே இழுக்கும். ஏமாந்தவர் மறுபடி உங்கள் பக்கம் வரமாட்டார்.

பெருமைக்காக 'முதல்', 'மிகப் பழமையான' என்று ஆரம்பிப்பதிலும் கவனம் வேண்டும். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என 2022-ல் அறிவிக்கப்பட்டபோது, இந்தியாவிலேயே பழமையானது என்ற வரியோடு எத்தனையோ கட்டுரைகள் வந்தன. 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் சிவகளையின் காலக்கணிப்பு கி.மு. 3345 வரை போனது. பழைய கட்டுரைகளின் முதல் வரி அன்றோடு காலாவதி. "கி.மு. 2172-லேயே மயிலாடும்பாறையில் இரும்பு புழங்கியது" என்று தொடங்கியவர் எதையும் திருத்த வேண்டியிருக்கவில்லை.

சுருக்கமாகத் தொடங்குவது வெளியூர்ச் சரக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். தருமபுரி அருங்காட்சியகத்தில் இருக்கும் நடுகற்களைப் போய்ப் பாருங்கள். எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யார் தொறு (மாட்டு மந்தை) கவர்ந்தார்கள், யார் மீட்கப் போய்ப் பட்டான் (இறந்தான்): சில வரிகளில் எல்லாம் வந்துவிடும். பிற்காலச் சோழர் கல்வெட்டுகளில் அரசனைப் புகழும் மெய்க்கீர்த்தி நீளமாகப் போகும், நிலம் கொடுத்த செய்தி அதற்குப் பிறகுதான். கோயில் சுவரில் அதற்கு இடம் இருந்தது, அரசனின் புகழைச் சொல்வதும் அதன் வேலை. கைப்பேசித் திரைக்கு நடுகல்லின் கணக்குதான் சரிப்படும்.

சரி, எழுதி முடித்தாயிற்று என்றால் முதல் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு இரண்டாவதிலிருந்து படியுங்கள். ஒன்றும் குறையவில்லை என்றால் அதை எடுத்துவிடலாம். என் மாங்கட்டுரையில் இப்படி நான்கு பத்திகள் போயின. மிச்சத்தைத்தான் பெரியப்பாவுக்கு அனுப்பினேன்.