தெருவுல மரம் நடப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

சென்னைல நிறைய கன்னு சாகுறதுக்கு ஒரு காரணம் நடுற தேதிதாங்க. ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம்னு பேனர் கட்டி நட்டுடுறாங்க, ஆனா நமக்குப் பெரிய மழை அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும்தான், நடுவுல வர்ற சாயங்கால மழையை நம்பி ஒரு கன்னை விட முடியாது. செப்டம்பர்லயே குழி வெட்டி வச்சுட்டு மழை பிடிச்சதும் நடுங்க.

இதைவிடப் பெரிய தப்பு, தெருக்காரங்களைக் கேக்காம நடுறது. வாலன்டியர்ஸ் வேன்ல வந்து இறங்கி, நட்டு, போட்டோ எடுத்துட்டுக் கிளம்பிடுவாங்க. அதே இடத்துல சாயங்காலம் இட்லிக் கடை போடுற அக்கா எங்க அடுப்பு வைப்பாங்கன்னு யாராச்சும் யோசிச்சோமா? "அக்கா, இங்க வச்சா உங்களுக்கு இடைஞ்சலா, ரெண்டடி தள்ளி வைக்கட்டுமா, தினம் ஒரு குடம் ஊத்த முடியுமா"ன்னு முன்னாடியே உக்காந்து பேசினா பாத்திரம் கழுவுற இடத்துலேர்ந்து நல்ல தண்ணியை அவங்களே ஊத்துவாங்க, மாடு வந்தாலும் விரட்டுவாங்க. தெருக் கூட்டுற தூய்மைப் பணியாளர்கள்கிட்டயும் பேசணும், எந்த இடத்துல குப்பை கொட்டுறாங்க, எங்க தண்ணி தேங்குதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு யாருக்கும் தெரியாது.

நடும்போது கறுப்பு கவரைக் கிழிச்சு எடுக்காம அப்படியே புதைக்கிறவங்க இன்னும் இருக்காங்க, வேர் உள்ளயே சுத்திக்கிட்டு நின்னுடும். மேல ஈபி லைன் போனா பெரிய மரம் வேணாம், வருஷா வருஷம் தலையை வெட்டிடுவாங்க. அடிமரம் வரைக்கும் சிமென்ட் பூசவே பூசாதீங்க. 2016 டிசம்பர்ல வர்தா புயலுக்கு ஆயிரக்கணக்குல மரம் சாஞ்சப்ப, எத்தனையோ மரத்தோட அடியில பாத்தா சுத்தி சிமென்ட், பள்ளம் தோண்டினவங்க வேரை ஒரு பக்கமா வெட்டி விட்டிருந்தாங்க.

காலியா கிடக்குன்னு சதுப்பு நிலத்துல போய் நடுறதும் தப்புதான். பள்ளிக்கரணை மாதிரி இடத்துக்குத் தண்ணியும் கோரைப்புல்லும்தான் பசுமை, அங்க மரம் வச்சா வர்ற பறவைக்குத்தான் கஷ்டம்.

கடைசியா, எல்லாத்தையும் வாட்ஸ்அப் குரூப்லயே பேசி முடிச்சுடாதீங்க. நகரத்துல பகுதி சபைன்னு, ஏரியா மக்கள் கூடித் தங்களோட பிரச்சினையைப் பேசுற கூட்டம் ஒண்ணு இருக்கு, 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்துல தமிழ்நாட்டுல நடத்தினாங்க, ஆனா நிறைய பேர் எட்டிக்கூடப் பாக்குறதில்ல. அடுத்த கூட்டம் எப்பன்னு கவுன்சிலர் ஆபீஸ்ல கேட்டுப் போங்க, நடைபாதை வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே மரத்தைச் சுத்தி ஒரு மீட்டர் மண்ணு விடணும்னு தெரு பேரோட மனு எழுதிக் குடுங்க. வேலை ஆரம்பிச்சு சிமென்ட் கொட்டுறதைப் பாத்தா உடனே சென்னை மாநகராட்சியோட புகார் நம்பர் 1913க்கு போன் போட்டு கம்ப்ளெயின்ட் நம்பர் வாங்கிக்கோங்க.